ஒற்றைக் கொம்பு

நவம்பர் 11

பிரஷர் 150/94.

தினமும் பிரஷரைப் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காக என் வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து பயன்படுத்தாத டைரி ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். அதில் இரண்டே இரண்டு எண்ணை எழுதினால் மீதிப் பக்கம் என்னைப் பார்த்து முழிக்கிறது. இடத்தைக் காலியாக விட மியூசியத்துக்காரிக்கு மனசு வராது.

ஆகவே எழுதுகிறேன். பெயர் அமிர்தவல்லி. வயது ஐம்பத்தைந்து. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும்; அதைப் பற்றி மேற்கொண்டு பேச விருப்பமில்லை. வேலந்துறைத் துறைமுகத்துக்கு எதிரே டிசம்பர் 14 அன்று திறக்கப்போகும் புது அருங்காட்சியகத்துக்கு நான்தான் காப்பாட்சியர்.

இது மற்ற மியூசியங்களைப் போல் இல்லை. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய செங்கல் மண்டபம் ஒன்று, தோண்டிய குழியில் தோண்டிய இடத்திலேயே கிடக்கிறது. சுற்றிலும் தூண் நிறுத்தி அதன் மேல் கட்டடம் எழுப்பியிருக்கிறோம். தரை முழுக்கத் தடித்த கண்ணாடி. வருகிறவர்கள் அதன் மேல் நடந்தபடி காலுக்குக் கீழே பழைய மண்டபத்தைப் பார்க்கலாம்.

ஊரில் எனக்குப் பெயர் போதி மேடம். குழியில் கிடைத்த உடைந்த கல்லில் ‘செய்வித்த போதி மண்டபம்’ என்று வெட்டியிருப்பதைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலில் வாசித்தது நான். புத்த பிக்குகள் உட்கார்ந்து தியானம் செய்த இடம் என்று பேப்பரில் வந்தது, என் போட்டோவோடு. அன்றிலிருந்து காய்கறிக்காரர் கூட, “போதி மேடத்துக்கு நல்ல கத்திரிக்காயாப் பொறுக்கிப் போடு” என்பார்.

நவம்பர் 12

148/92.

பெயர்ப் பலகைக்குப் பித்தளை எழுத்துகள் வந்துவிட்டன. ‘போதி மண்டப அருங்காட்சியகம்’. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். ஏணி மேல் நின்று ஒட்டிய பலகைக்காரர் ஆரோக்கியத்தைக் கீழே நின்று அதட்டிக்கொண்டே இருந்தேன். ‘ய’ லேசாகச் சாய்ந்திருக்கிறது. அவர் இல்லை என்கிறார். என் கண் பொய் சொல்லாது.

குழியில் இரண்டாவது பம்பு மக்கர். கடல் பக்கத்தில் இருப்பதால் கார்த்திகை மழைக்குக் கீழேயிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் பம்பு ஓடாவிட்டால் மண்டபம் குளம் ஆகிவிடும்.

நவம்பர் 14

152/94.

சென்னையிலிருந்து தொல்லியல் துறை இயக்குநர் செங்குட்டுவன் போன் செய்தார். நாற்பது வயதுக்காரர். எதையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் அவருக்கு. அகழாய்வின்போது அன்றன்றைக்கு எழுதிய களக் குறிப்பேடுகள் ஒன்பதையும் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க வேண்டுமாம். நல்ல யோசனை. எட்டு இருக்கின்றன. ஏழாவது காணோம். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று ஆபீஸ் மாறியாயிற்று, ஒரு புயலும் வந்து போயிற்று. காணாமல் போகத்தான் செய்யும்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

நவம்பர் 16

155/96. மழை. மழை. பம்பு.

நவம்பர் 18

150/92.

இலங்கையிலிருந்து ஒரு புத்த விகாரையின் கடிதம், அழகான தமிழில். எழுதியவர் தலைமைப் பிக்கு ஆனந்த தேரர். திறப்பு விழாவுக்கு இருபத்திரண்டு பேர் வருகிறார்கள், பாதிப் பேர் வயதானவர்கள். புதிதாகக் கட்டும் விகாரையின் அஸ்திவாரத்தில் வைக்கப் போதி மண்டபத்து மண் ஒரு கைப்பிடி வேண்டுமாம். மண்ணை வைக்க வெள்ளிச் சிமிழ் செய்தாயிற்றாம். அது இந்த மண்தான் என்று காப்பாட்சியர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

மண் கேட்கிறார்கள், பொன்னா கேட்கிறார்கள்? தாராளமாகக் கொடுக்கலாம்.

நவம்பர் 20

160/98.

கல்வெட்டுக் கல் தஞ்சாவூர்க் கிடங்கிலிருந்து லாரியில் வந்தது. கிடைத்த இடத்திலேயே அதை மறுபடி வைக்க வேண்டும். கண்ணாடித் தரையில் இயந்திரத்தை ஏற்ற முடியாது. அதனால் துறைமுகத்துச் சுமை தூக்கும் சங்கத்தில் சொல்லி ஆள் வரவழைத்தோம். மேஸ்திரி பக்கிரிசாமியும் ஏழு பேரும் வந்தார்கள். ஒரு கண்ணாடிப் பலகையைக் கழற்றிவிட்டு, வடமும் மூங்கிலும் கட்டி, ஒரு சிராய்ப்பு இல்லாமல், குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல் குழியில் இறக்கினார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அத்தோடு அனுப்பியிருக்க வேண்டும்.

மண்டபத்துக்குள் இரண்டு இரண்டாக நீளவாக்கில் குட்டைச் சுவர்கள் ஓடுகின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. பக்கிரிசாமி வடத்தைச் சுருட்டிக்கொண்டே அதன் மேல் காலை வைத்தார்.

“ஏங்க, அது மேல கால வைக்காதீங்க! பிக்குங்க உக்காந்து தியானம் பண்ணுன மேடை அது!”

அவர் சட்டென்று காலை எடுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இதுலங்களாம்மா உக்காந்தாங்க?” என்று கேட்டுவிட்டு மெல்ல அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். பாதி உடம்பு வெளியே தொங்கியது.

“எம்மாஞ் சின்னப் பிக்குங்கம்மா அவரு?”

ஏழு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் இரண்டு சுவருக்கும் நடுவில் கையை விரித்து அளந்தார். சரியாக ஒரு சாண்.

“அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது மூட்டை அடுக்குற கட்டை. மூட்டையத் தரையில போட்டா ஓதம் ஏறிப் பாழாப் போயிரும்ல? அடியில காத்து ஓடணும். எங்க குடோன்ல மரக்கட்டை போடுவோம். இவங்க செங்கல்லுலயே கட்டிருக்காங்க. வசதியானவங்க.”

“பக்கிரிசாமி, தெரியாம எதையும் பேசாதீங்க.”

“சரிங்கம்மா.”

சரி என்றவர் சும்மா இருந்தாரா? வாசல் படியருகே போய்க் குந்தினார். அகலமான வாசல். படிக்கல்லின் ஒரு பாதி நன்றாகத் தேய்ந்து குழிந்திருக்கும், மறுபாதி அப்படியே இருக்கும். அதைத் தடவிக் கொடுத்தார். “இந்தப் பக்கமா உள்ள போயிருக்கான், அந்தப் பக்கமா வெளிய வந்துருக்கான். சொமையோட ஏறுறவந்தான் அழுத்தி மிதிப்பான். வெறுங்கையா வர்றவன் தாவிருவான்.”

போகும்போது கடைசியாகக் கேட்டார். “அந்தக் கல்லுல என்னம்மா எழுதிருக்கு?”

“போதி மண்டபம்னு எழுதிருக்கு.”

“பொதி மண்டபமா? அதைத்தானம்மா நானும் இவ்வளவு நேரமாச் சொல்றேன்!”

நவம்பர் 21

172/102.

நார்த்தங்காய் ஊறுகாயால் ஏறியிருக்கிறது. வீட்டுக்காரர் உப்பை அள்ளிப் போடுகிறார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சமையலை எடுத்துக்கொண்ட மனிதருக்கு அளவு எப்படித் தெரியும்?

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். கல்லில் இருப்பது ஒற்றைக் கொம்பு. எல்லாப் பழைய கல்லிலும் அப்படித்தான். இரட்டைக் கொம்பு என்பதே வெகு பின்னால் வந்தது. அந்தக் காலத்தில் ‘பொ’வையும் ‘போ’வையும் ஒரே மாதிரிதான் செதுக்குவார்கள். வாசிக்கிறவர் இடம் பார்த்து நீட்டிக்கொள்ளவோ குறுக்கிக்கொள்ளவோ வேண்டும். நான் இடம் பார்த்துத்தான் வாசித்தேன். வாசல் பக்கத்தில் கட்டைவிரல் அளவு வெண்கலப் புத்தர் கிடைத்தார். புத்தர் கிடைத்த இடத்தில் போதி என்று வாசிக்காமல் வேறு என்னவென்று வாசிப்பதாம்?

மூட்டை தூக்குகிறவருக்குப் பார்க்கிற இடமெல்லாம் மூட்டையாகத்தான் தெரியும்.

நவம்பர் 22

168/100.

மீன் வாங்கத் துறைமுகப் பக்கம் போனேன். அளவு நாடா கைப்பையில் இருந்தது. அது எப்போதும் இருக்கும்.

போகிற வழியில் சங்கத்துக் குடோன். பக்கிரிசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “வாங்கம்மா, டீ சொல்லவா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூட்டைகளுக்கு அடியில் நீளவாக்கில் மரக்கட்டைகள், இரண்டு இரண்டாக. நடுவில் இடைவெளி. நாடாவை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கையை வைத்தேன். ஒரு சாண்.

வாசலை ஒட்டிச் சுவரில் ஒரு சின்ன மாடம். அதில் முருகன், மாதா, நாகூர் தர்கா, மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும் படம். முன்னால் வாடிய சரம்.

“இது எதுக்கு வாசல்ல?” என்று கேட்டேன்.

“கும்புட்டுட்டுத்தாங்கம்மா மூட்டையில கைய வைப்போம். முதுகு பத்திரமா இருக்கணும்ல.”

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். “மீன் எங்க?”

மறந்துவிட்டேன். மத்தியானம் ரசமும் அப்பளமும்.

நவம்பர் 24

170/104.

படுக்கையறைச் சுவர் மழையில் நனைந்து சுண்ணாம்பு உதிர்கிறது. இரும்புப் பீரோவை நகர்த்திச் சுவரைக் காய விடலாம் என்று அவர் கீழ்த்தட்டிலிருந்து சாமான்களை எடுக்க ஆரம்பித்தார். நான் அடுப்படியிலிருந்து கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “அதுல கைய வைக்காதீங்க! நானே எடுத்துக்கறேன்!”

அவர் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்து போனார். முப்பது வருஷத்தில் அவரிடம் இப்படி நான் கத்தியதில்லை. கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது? பழைய பட்டுப்புடவை, பத்திரங்கள், இத்யாதி.

நவம்பர் 25

166/100.

இத்யாதி என்று எழுதியதை நேற்றிலிருந்து நாலு தடவை படித்துவிட்டேன். என் டைரியிலேயே நான் மழுப்பினால் வேறெங்கே போய் உண்மையைப் பேசுவேன்?

ஏழாவது குறிப்பேடு காணாமல் போகவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில், மஞ்சள் பைக்குள் இருக்கிறது. வைத்தது நான்தான்.

அப்போது நான் தற்காலிக உதவியாளர். கண்டெய்னர் லாரிகள் நிறுத்துவதற்காகக் கேட்டிருந்த நிலம் அது. பத்து நாளில் குழியை மூடிவிட்டு வரச் சொல்லி உத்தரவு. எட்டாவது நாள் அந்தக் கல் கிடைத்தது. மண்ணைத் துடைத்ததும் நான் முதலில் வாசித்தது பொதி. அப்படித்தான் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினேன், ஒற்றைக் கொம்போடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு. அடுத்த வரியில், ‘தரை மண்ணைச் சலித்ததில் கருகிய மிளகு, மூன்றரைப் படி’ என்று இருக்கிறது. மூட்டையிலிருந்து கொட்டியது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

பழைய குடோனுக்காக யார் லாரியை நிறுத்தி வைப்பார்கள்? இன்னும் இரண்டு நாளில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். மறுநாள் காலை அந்தப் புத்தர் கிடைத்தார். பேனாவை எடுத்தேன். பென்சிலில் இருந்த கொம்பின் மேல் மையால் ஒரு சுழி சுழித்தேன். பொதி போதி ஆயிற்று. மிளகுக்குப் பக்கத்தில் ‘படையல்’ என்று எழுதினேன். குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் ‘தியான மேடை’.

குழியை மூடவில்லை. அது ஒன்றுதான் என் பக்கத்து நியாயம். ஆனால் அதற்குப் பிறகு என் போட்டோ வந்தது, வேலை நிரந்தரமாயிற்று, ஊர் போதி மேடம் என்றது. அதில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 27

174/106.

சான்றிதழ் வந்துவிட்டது, மூன்று மொழியில் அச்சடித்து. ‘இம்மண் போதி மண்டபத்தின் மண் என்று அறிந்து சான்றளிக்கிறேன்.’ கீழே என் பெயர், கோடு போட்ட இடம்.

பேனாவை மூன்று தடவை திறந்தேன், மூன்று தடவை மூடினேன். பலகையில் இருப்பது துறை சொல்வது. இது நான் சொல்வது. இருபத்திரண்டு பேர் கடல் தாண்டி வந்து ஒரு குடோன் மண்ணை வெள்ளிச் சிமிழில் வைத்துக் கொண்டுபோய், அதன் மேல் கோயில் கட்டி, தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுவார்கள். ‘அறிந்து’ என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

சொன்னால் என்ன ஆகும்? காப்பாட்சியர் வேலை போகலாம். பெயர் நிச்சயம் போகும். இன்னும் ஐந்து வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவள், மாலை மரியாதையோடு போக வேண்டியவள், பொய்க்காரி என்று போவேன். பயமாக இருக்கிறது.

நவம்பர் 28

காலையில் 176/106. சாயங்காலம் 150/92. இன்று இரண்டு தடவை பார்த்தேன்.

காபி குடிக்கும்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட முடிவு செய்தேன். பீரோவைத் திறந்து மஞ்சள் பையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். பையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அமிர்தம், எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம். மெட்ராஸ் போவோம், வேலூர் போவோம்…”

“வேலூர் எதுக்குங்க?”

“அது உன் டெஸ்ட் ரிப்போர்ட்தானே?”

நாலு நாளாக மனிதர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மனைவி தினம் பிரஷர் பார்க்கிறாள், பீரோவில் எதையோ ஒளிக்கிறாள், கத்துகிறாள். பிரித்துப் பார்க்கவும் தைரியமில்லை, கேட்கவும் தைரியமில்லை. நான் குறிப்பேட்டைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சுழியையே வெகு நேரம் பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதானாவா? என் வேலையே போயிடுங்க!”

“போனாப் போகட்டுமே. நான் உன் போட்டோவுக்கு மாலை போடுற வரைக்கும் போயிட்டேன்டி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே, “ஆனா தப்பு தப்புதான். அந்தப் பெரியவங்ககிட்ட மண்ணக் குடுத்து ஏமாத்தாத. இன்னைக்கே சொல்லிடு,” என்றார்.

இன்றைக்கு முடியாது, இயக்குநருக்கு இன்று கூட்டம் என்றேன். அது உண்மைதான்.

நவம்பர் 29

158/96.

பத்து மணிக்குப் போன் செய்தேன்.

“சார், நம்ம மண்டபம் போதி மண்டபம் இல்ல. பொதி மண்டபம்.”

“லைன் சரியில்ல மேடம். ரெண்டும் எனக்கு ஒரே மாதிரி கேக்குது.”

“கல்லுலயும் அப்படித்தான் சார்.”

பிறகு விளக்கமாகச் சொன்னேன். மூட்டை, ஓதம், படி, மிளகு, சுழி. ஏழாவது குறிப்பேடு எங்கே இருந்தது என்பதையும். எதையும் விடவில்லை.

“பன்னெண்டு வருஷமா மேடம்?”

“ஆமா சார்.”

“அமைச்சர் தேதி குடுத்தாச்சு. அழைப்பிதழ் அச்சாயிடுச்சு. பதினஞ்சு நாள் இருக்கும்போது சொல்றீங்க.”

“தொறந்த பிறகு சொல்றதுக்கு இது தேவலைன்னு நெனச்சேன் சார்.”

பெருமூச்சு கேட்டது. “எழுத்துல குடுங்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆனந்த தேரருக்கும் ஒரு கடிதம் எழுதினேன், சங்கத்துக் குடோன் வாசல் மாடத்தைக்கூட விடாமல். அதுதான் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். சிமிழ் செய்தவரிடமும் சேர்த்து.

டிசம்பர் 3

152/94. மெமோ வந்தது. திறப்பு விழா தள்ளிப் போகிறது. நன்றாகத் தூங்கினேன், ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 6

146/90.

இடத்தைப் பார்க்கத் துறையின் குழு வந்தது. கல்வெட்டு வாசிப்பவர் ஒருவர், பழங்கட்டடம் பார்ப்பவர் ஒருவர், கூடவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இயக்குநர். நான் பக்கிரிசாமியை வரச் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுத் தலையில் எண்ணெய் வைத்து வந்திருந்தார்.

கல்வெட்டுக்காரர் கல்லைப் பார்த்துவிட்டு, எழுத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இடம்தான் சொல்ல வேண்டும் என்றார். பக்கிரிசாமி இடத்தைச் சொன்னார். படியில் வைக்கோல் அடைத்த பொய்மூட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிக் காட்டினார். பாதம் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டடக்காரர் அவரை மறுபடி ஏறச் சொன்னார். மறுபடி. நாலாவது தடவை பக்கிரிசாமி, “ஐயா, போட்டோ எடுத்துக்கங்களேன், மூச்சு வாங்குது,” என்றார்.

பிறகு குறிப்பேடு. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது சுட்டது.

“படையல்னு போட்டிருக்கீங்க. எவ்வளவு மிளகும்மா?” என்று கேட்டார் கல்வெட்டுக்காரர்.

“மூணரைப் படி சார்.”

“புத்தர் இவ்வளவு காரம் சாப்பிடுவாரா?”

இயக்குநர் சட்டென்று சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பக்கிரிசாமி துண்டை நீட்டினார்.

முடிவு: இது பொதி மண்டபம்தான். சரக்கை அடுக்கிய இடம் இவ்வளவு முழுசாகத் தான் பார்த்ததில்லை, இதற்காகவே ஒரு மியூசியம் கட்டலாம் என்றார் கட்டடக்காரர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அப்போது நான் யாரையும் கேட்கவே இல்லையே.

எனக்கு எழுத்து மூலம் கண்டனம். திறப்பு விழாக் கல்லில் என் பெயர் வராது. வேலை இருக்கிறது. கிளம்பும்போது இயக்குநர் காரில் ஏறாமல் ஒரு நிமிஷம் நின்றார். “அந்த ஏழாவது நோட்டையும் பெட்டியில வைங்க மேடம். அந்தப் பக்கத்தைத் திறந்தே வைங்க.”

அது கண்டனத்தைவிடப் பெரிய தண்டனை. சரி என்றேன்.

டிசம்பர் 9

138/88.

ஆனந்த தேரரின் பதில் வந்தது. பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்த கடிதம். பாதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

‘உங்கள் கடிதத்தைச் சபையில் வாசித்தோம். சிலர் வருத்தப்பட்டார்கள். நானும்தான். பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார், அப்படியென்றால் வாசலில் கிடைத்த புத்தர் யாருடையவர் என்று. அந்தக் கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருந்தது. சுமையில் கை வைக்கும் முன்னால் யாரோ ஒருவர் அவரைத் தினமும் வணங்கியிருக்கிறார். எங்களுக்கு அந்த வாசல் மண் போதும். நாங்கள் வருகிறோம். சான்றிதழில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதித் தாருங்கள்.’

வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சாம்பாரைக் கிளறுவதை நிறுத்திவிட்டு, “அந்த அம்மாவப் பாக்கணுமே,” என்றார்.

அச்சடித்த சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் என் கையாலேயே எழுதினேன். ‘இது வேலந்துறைப் பொதி மண்டபத்தின் வாசல் மண். இந்த இடத்தில் வெண்கலப் புத்தர் ஒருவர் கிடைத்தார். இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.’ ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 11

134/86.

பெயர்ப் பலகை. புதிதாக எழுத்து வார்க்க இருபது நாள் ஆகும் என்றார் ஆரோக்கியம். ஏணியில் ஏறி நின்று பித்தளைக் கொம்பைத் தட்டிப் பார்த்தார்.

“எதுக்கு மேடம் முழுசா மாத்தணும்? இந்தச் சுழிய மட்டும் அறுத்துட்டா ஒத்தக் கொம்பு ஆயிரும்ல?”

அறுத்தார். கால் மணி நேரம். கீழே நின்ற என் கையில் சுழி வந்து விழுந்தது, பிளேடு சூட்டோடு. மோதிரம் போல் ஒரு வளையம். அரம் போட்டு ராவியதும் ‘பொதி’ என்று பளிச்சென்று நின்றது. அறுத்த தடமே தெரியவில்லை. ‘ய’ மட்டும் இன்னும் சாய்ந்திருக்கிறது. அதையும் சொன்னேன்.

“சரிம்மா, இன்னைக்கு நீங்க சொன்னா சரிதான்,” என்று அதையும் நிமிர்த்தினார்.

ஜனவரி 19

திறந்தாயிற்று.

மேடையில் எனக்கு இடமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றேன். திறப்பு விழாக் கல்லில் பத்துப் பெயர். என் பெயரைத் தேடிவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உறுத்தியதா என்றால் உறுத்தியது. கொஞ்ச நேரம்.

சங்கத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பக்கிரிசாமியின் மனைவி கண்ணாடியில் காலை வைக்கவே பயந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு கணவர் கீழே நின்று கையாட்டியதும் அப்படியே கண்ணாடி மேல் உட்கார்ந்து, “ஏங்க, மேல வாங்க, அம்மா திட்டப் போறாங்க!” என்று தரையைப் பார்த்துக் கத்தினார். குட்டைச் சுவர்களின் மேல் இப்போது சணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். அடுக்கியது பக்கிரிசாமிதான். எனக்கு ஒரு மூட்டையைக்கூடத் தொட அனுமதி இல்லை. நான் அடுக்கினால் சாய்ந்துவிடுமாம்.

இலங்கைக்காரர்கள் வாசல் படியருகே வரிசையாக நின்றார்கள். மண்ணை எடுத்துத் தரப் பக்கிரிசாமியைக் கூப்பிட்டேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கைப்பிடி எடுத்துச் சிமிழில் போட்டார். புத்தர் யாருடையவர் என்று கேட்ட அம்மாவும் வந்திருந்தார். கட்டையாக, என்னைவிடக் குள்ளமாக. சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு, “இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது” என்ற கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாலையில் ஏழாவது குறிப்பேட்டின் பெட்டி முன்னால் கொஞ்சம் கூட்டம். பென்சில் கொம்பையும் மைச் சுழியையும் பார்த்துவிட்டு ஆளாளுக்குப் பேசினார்கள். பக்கத்தில் பித்தளைச் சுழியையும் வைத்திருக்கிறேன். ஒரு அப்பா தன் மகளிடம், “பாத்தியா, எழுத்துப்பிழை விட்டா என்ன ஆகுதுன்னு?” என்றார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

பூட்டிவிட்டுத் தெருவைக் கடக்கும்போது காய்கறிக் கடையிலிருந்து குரல்.

“பொதி மேடம்! முருங்கைக்கா வந்துருக்கு!”

என் உடம்புக்கு அந்தப் பெயரா என்று ஒரு விநாடி மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பக்கத்தில் வந்த வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பதற்கு முன்னாலேயே, கூப்பிட்டது என்னைத்தான் என்று நான் திரும்பியிருந்தேன்.

ஆறு முருங்கைக்காய் வாங்கினேன்.

இப்போதுதான் கவனிக்கிறேன், மேலே பிரஷர் எழுதவில்லை. காலையில் பார்க்கவே மறந்துவிட்டேன்.